வழுக்கையின் காரணமும் பரிகாரமும்

விழா மலரொன்றில் வழுக்கையைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். கல்லூரியின் வரலாறு, அதிபர்மாரின் அருந்தொண்டு, பழைய மாணவர் எய்திய பதவிகள் என்னும் பொருள்கள் இருக்க, இஃதென்ன பொருள் என்று அவர் வினவலாம். அவ்வன்பர் இத்தகைய மலர்களில் அச்சிடப்பெறும் குழுப்படங்களைச் சற்றே உற்று நோக்குவாராக. மாணவர் படத்திலே எல்லார் தலையும் கருமையாய் இருக்கும். பழைய மாணவர் சங்கப் படத்திலோ, முன்வரிசையில் வீற்றிருப்போருட் பலர்க்கு நெற்றி எவ்விடத்தில் முடிகின்றது, தலை எவ்விடத்தில் தொடங்குகின்றது என்று வரையறுத்தல் எளிதன்று. இவ்விரு படங்களுக்குமிடையே நிகழ்வது யாது என்பதே எமது ஆராய்ச்சி.

முதியோர்க்கு இது நகைப்பேயாயினும், பதினெட்டு இருபது வயதில் சீப்பிலும் தலையணையிலும் மயிரைக் கண்டு உறக்கமிழக்கும் இளைஞனுக்கு இது நகைப்பன்று. அவன் இதனைத் தந்தையிடமும் சொல்லான், வைத்தியரிடமும் சொல்லான். கூட்டாளி சொன்ன எண்ணெயை வாங்குவான். அது பயன்படாதாக, விளம்பரத்திற் கண்ட வேறொன்றை வாங்குவான். திருமணப் பேச்சுக் காலத்திலே, "பொடியனுக்குத் தலை வெளிச்சுப் போச்சு" என்று பெண் வீட்டார் மெல்லச் சொல்லிய ஒரு சொல், அதுவரை சேர்த்த பணத்தையெல்லாம் போலி மருந்துக்காரர் கையிற் கொண்டு சேர்த்துவிடும். பணம் போவதினும் பெரிய கேடு காலம் போவது. பயன்தரும் மருத்துவம் சிலவே. அவையும் மயிர் முற்றாக அழியுமுன் தொடங்கினாலன்றி அதிகம் பயன்தரா.

உடுப்பிட்டியிலே இதன் காரணத்தை எவரிடம் வினவினாலும், முதலில் வரும் விடை கிணற்றுநீர் என்பது. நமது குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. ஆதலின் நீர் வன்னீராகும். கேத்தலின் உட்புறத்தே வெண்ணிறப் படிவு ஏறுவதும், சவர்க்காரம் எளிதில் நுரையாமையும் யாவரும் அறிந்தனவே. வன்னீரிற் குளித்த மயிர் சொரசொரப்பாவதும் சீப்பிற் சிக்குவதும் உண்மை. ஆயின் அந்நீர் வழுக்கையை விளைக்குமா? இதனை ஆராய ஆய்கூடம் வேண்டியதில்லை. ஒரே கிணற்றில் நீராடும் தமையனுக்கு வழுக்கை, தம்பிக்கு இல்லை. அக்கிணற்று நீரையே நாடோறும் அள்ளி முழுகும் தாய்க்கும் தமக்கைக்கும் கூந்தல் இடையளவு தொங்குகின்றது. இவற்றினும் சிறந்த சான்று வழுக்கையனுடைய தலையிலேயே உள்ளது. உச்சிமயிர் போய்விட, காதோரத்து மயிரும் பிடரிமயிரும் இறுதிவரை நிற்கின்றன. இவையும் அதே நீரிலன்றோ குளித்தன?

வெயில், மூளை வேலை, மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவோர் அணியும் தலைக்கவசம் என்று சொல்லப்படும் காரணங்களுக்கும் இவ்வினாவையே எழுப்பலாம். இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்ற நம் பழைய மாணவர் அங்குள்ள குழாய்நீரையும் குளிரையும் குற்றஞ்சாட்டுகின்றனர். கொழும்பிலிருப்போர் குளோரினைச் சொல்லுகின்றனர். ஊர்கள் வேறாயினும், ஊரைவிட்டுப் போகும் வயதும் மயிர் உதிரத் தொடங்கும் வயதும் பெரும்பாலும் ஒன்றே என்பதை அவர் நினைப்பதில்லை.

இனி மயிரின் இயல்பை நோக்குவோம். உடலின் கூறுகளைத் தமிழில் எழுதப் புகும் எவரும், 1847 இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் இருந்து தமிழிலேயே வைத்தியக் கல்வி புகட்டிய டொக்டர் சாமுவேல் கிறீனை நினையாது மேற்செல்லலாகாது. மேனாட்டு வைத்திய நூல்களை அவரும் அவர்தம் மாணாக்கரும் தமிழாக்கிய துணிவே, இன்றும் இத்தகைய பொருளை அயன்மொழிச் சொல்லடுக்கின்றி எழுதலாம் என்னும் நம்பிக்கையை எமக்குத் தருகின்றது.

தலையின் தோலில் ஏறத்தாழ 1,00,000 மயிர்ப்புடைப்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் தோலுள் அமிழ்ந்த ஒரு சிறு குழி. அதன் அடியிலேயே மயிர் உண்டாகின்றது. வெளியே நாம் காண்பது உயிரற்ற இழை. அவ்விழையை மழித்தாலும் கத்தரித்தாலும் அடியிலுள்ள புடைப்புக்கு அது தெரியாது. ஆகவே மொட்டையடித்தால் மயிர் அடர்ந்து வளரும் என்பது பிழை. மழித்தபின் முளைக்கும் மயிரின் முனை மழுங்கியிருத்தலால் அது தடித்தது போலத் தோன்றுகின்றது, அவ்வளவே.

புடைப்பு ஓயாது தொழில் புரிவதன்று. வயலுக்குப் போகமும் தரிசும் போல அதற்கும் பருவங்கள் உண்டு. தலைமயிர் இரண்டு முதல் ஆறு ஆண்டுவரை, மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதமமீற்றராக வளரும். பின்னர் இரண்டு மூன்று கிழமையிற் புடைப்பு ஒடுங்கும். அதன்பின் மூன்று மாதமளவு ஓய்ந்திருக்கும். ஓய்வு முடியப் புதுமயிர் முளைக்கத் தொடங்கும், பழையது உதிரும். எந்த வேளையிலும் பத்தில் ஒன்பது பங்களவு மயிர்கள் வளர்ச்சிப் பருவத்திலும் எஞ்சியவை ஓய்விலும் இருக்கும். எனவே நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை மயிர் உதிர்தல் சுகதேகியின் இயல்பு. குளியலறையிற் பத்துமயிர் கண்டு கலங்கும் மாணவன் இக்கணக்கை மனத்திற் கொள்வானாக.

வழுக்கையில் நிகழ்வது இதனின் வேறானது. ஒவ்வொரு சுற்றிலும் வளர்ச்சிப் பருவம் குறுகுகின்றது, புடைப்பும் சிறுக்கின்றது. ஆறாண்டு வளர்ந்த மயிர் ஈராண்டு வளர்கின்றது; பின்னர் சில மாதங்களே வளர்கின்றது. கருமையும் தடிப்பும் குன்றி, ஈற்றில் குழந்தையின் கன்னத்திலுள்ளது போன்ற பூனைமயிராகின்றது. ஆகவே வழுக்கைத் தலையில் ஒன்றும் இல்லை என்று கூறுவது நுட்பமான கூற்றன்று; கண்ணுக்குத் தோன்றாத மயிர் நெடுங்காலம் அங்கே உண்டு. உதிர்ந்த மயிரை எண்ணுவதினும் இருக்கும் மயிரின் மெலிவை நோக்குவதே அறிவு. நெற்றியின் இருபுறமும் மயிரெல்லை பின்வாங்குதல், உச்சியில் வட்டமாகத் தோல் தெரிதல், பின்னர் இவ்விரண்டும் ஒன்றுகூடுதல் என்பது இதன் வழக்கமான போக்கு.

இச்சிறுத்தலை விளைப்பது யாது? பருவமடையுமுன் விதை நீக்கப்பட்டோர்க்கு வழுக்கை விழுவதில்லை என்பதைக் கிரேக்க நாட்டு இப்போகிரட்டீசும் அரித்தோட்டிலும் முன்னரே கண்டு எழுதினர். ஆயினும் அதன் காரணம் இருபதாம் நூற்றாண்டு வரை புலப்படவில்லை. 1942 இல் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த உடற்கூற்றறிஞர் ஜேம்ஸ் ஹமில்ற்றன் அத்தகையோரை ஆராய்ந்து, ஆண்மை ஓமோனாகிய தெஸ்தொஸ்தரோன் அவர்கட்கு ஏற்றப்பட்டபோது, குடும்பத்தில் வழுக்கையுடையோர்க்கே மயிர் உதிரத் தொடங்கியமையை வெளியிட்டார். குடிவழி மட்டும் போதாது. ஓமோன் மட்டும் போதாது. இரண்டும் கூடுமிடத்தே வழுக்கை உண்டாகும் என்பது அதனாற் பெறப்பட்டது.

இதற்கு அடுத்த திறவுகோல் கரீபியன் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்திலிருந்து கிடைத்தது. அங்கே சில குடும்பங்களில், தெஸ்தொஸ்தரோனை அதனினும் வலிய இருஐதரோ தெஸ்தொஸ்தரோனாக மாற்றும் நொதியம் பிறவியிலேயே குறைந்த ஆண்மக்கள் இருந்தனர். அவரைப் பற்றி ஜூலியன் இம்பராத்தோ-மக்கின்லி என்னும் பெண் வைத்தியரும் அவர்தம் கூட்டத்தாரும் 1974 இல் எழுதினர். அவ்வாடவர் வளர்ந்து தசைவலியும் ஆண்குரலும் பெற்றனர். ஆயினும் அவர்க்கு வழுக்கை விழவில்லை. எனவே மயிர்ப்புடைப்பைச் சிறுக்கச் செய்வது அம்மாற்றோமோனே என்பது தெளிவாயிற்று. இதிலிருந்தே ஒரு மருந்து பிறந்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

வழுக்கையர்க்கு ஆண்மை மிகுதி என்று சிலர் தம்மைத் தேற்றிக்கொள்வதுண்டு. அத்தேறுதலைக் கெடுப்பது எமக்கு வருத்தமே. அவர்தம் குருதியிலுள்ள ஓமோன் பொதுவாக ஏனையோரினும் மிகுந்ததன்று. அதே அளவு ஓமோனுக்கு அவர்தம் உச்சிப்புடைப்புகள் மிகுதியாக இணங்குகின்றன என்பதே வேறுபாடு. அவ்விணக்கம் பரம்பரை அலகுகள் பலவற்றால் வருவது. அவற்றுட் பெரிதான ஒன்று எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது; மகனுக்கு அந்நிறமூர்த்தம் தாயிடமிருந்தே வருவதால், தாய்வழிப் பாட்டனாரையும் அம்மான்மாரையும் பார் என்னும் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் ஏனைய அலகுகள் இருவழியிலும் வருவன. தந்தை வழுக்கையராயிருக்க, அம்மானை மட்டும் பார்த்து மகிழ்தல் வேண்டா.

இவ்விடத்தில் ஒன்று சிந்தித்தற்குரியது. வழுக்கை நம் முன்னோர்க்கு இல்லை, இக்கால உணவினாலும் வாழ்வினாலும் வந்தது என்று பலர் கூறுகின்றனர். நம் பூட்டனார் காலத்து ஆடவர் முன்தலையை மழித்துப் பின்னே குடுமி முடிந்தனர். இயற்கை முதலில் எவ்விடத்து மயிரைக் கொண்டுபோகுமோ, அவ்விடத்தை அம்பட்டனே முன்னதாக மழித்துவிட்டான். எஞ்சிய பிடரிமயிரே குடுமியாயிற்று. அதன்மேல் தலைப்பாகையும் அணிந்தோர்க்கு இருந்தது எது, போனது எது என்று யார் அறிவர்? குடுமி போய்க் கிராப்பு வந்தபின்னரே நெற்றிமயிர் ஆடவர்க்கு அழகாயிற்று; அதன் இழப்பும் இழுக்காயிற்று. வள்ளுவரும் மானம் என்னும் அதிகாரத்தில், தம் நிலையினின்றும் தாழ்ந்தோர்க்கு உவமையாக வீழ்ந்த மயிரையே எடுத்தாண்டார். வீழவிட்டு நின்ற தலையை அவர் ஒன்றும் சொன்னாரல்லர்.

நாணம் நமக்கு மட்டும் உரியதன்று. உரோமபுரி யூலியசு சீசர் பின்மயிரை முன்னே வாரி வழுக்கையை மறைத்தார் என்றும், வெற்றிமாலையை எந்நேரமும் சூடும் உரிமையை மகிழ்ந்து ஏற்றார் என்றும் அவர் சரிதம் எழுதிய சுவெற்றோனியசு கூறுகின்றார். கி. மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்திய வைத்தியச் சுவடி, சிங்கம், நீர்யானை, முதலை முதலியவற்றின் கொழுப்பைக் கூட்டித் தலையிற் பூசச் சொல்லுகின்றது.

நம் நாட்டு வைத்தியமும் தலைநோய்களைப் பெரிதும் ஆராய்ந்தது. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பதிப்பித்த பரராசசேகரம் என்னும் யாழ்ப்பாணத்து வைத்திய நூலிற் சிரரோகத்துக்கென்றே ஒரு பாகம் உண்டு. பித்தம் வாதத்தோடு கூடி மயிரை வீழ்த்தும் என்றும், கபமும் இரத்தமும் மயிர்த்துளைகளை அடைத்து மீண்டும் முளையாமற் செய்யும் என்றும் சுச்சுருதர் கூறினார். நுண்பெருக்கி இல்லாத காலத்திற் புடைப்பை நோக்கியே காரணந் தேடிய அவர் மதி போற்றத்தக்கது.

அதனால், நம் வீடுகளிற் காய்ச்சும் எண்ணெய்கள் வழுக்கையை மாற்றும் என்று கொள்ளுதல் பொருந்தாது. கையாந்தகரை, செவ்வரத்தம்பூ, கற்றாழை, வெந்தயம் ஆகியன சேர்ந்த எண்ணெய் இழையை வழவழப்பாக்கும், வன்னீரின் சொரசொரப்பைத் தணிக்கும், உடைதலைக் குறைக்கும். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகிய உடம்புக்கு வரும் சுகத்தை எவரும் மறுக்கார், நாமும் கைவிடோம். ஆயின் ஓமோனுக்கு இணங்கிச் சிறுத்த புடைப்பை அவ்வெண்ணெய் மீட்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. தாயார் காய்ச்சிய எண்ணெயால் தீங்கும் இல்லை. தீங்கு வருவது, உள்ளே யாது உண்டென்று எழுதப்படாத போத்தலை, மூன்று மாதத்தில் முடி முளைக்கும் என்னும் உறுதிமொழியோடு பெரும்பொருளுக்கு வாங்குமிடத்தேயாம்.

உதிர்வெல்லாம் வழுக்கையன்று. இதனை வேறுபிரித்தறியாமையால் தீர்க்கத்தக்க நோயைத் தீராததென்று விடுவாரும், தானே தீர்வதற்குப் பெரும்பணம் செலவிடுவாரும் உளர். டெங்கு, நெருப்புக்காய்ச்சல், கொரோனா போன்ற கடுங்காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதங் கழித்து மயிர் கைப்பிடியாக உதிர்வதுண்டு. சத்திர சிகிச்சை, பட்டினி, பெருந்துயர் ஆகியவற்றின் பின்னும் இவ்வாறே. அக்காலத்திற் பல புடைப்புகள் ஒருங்கே ஓய்வு கொண்டமையே இதற்குக் காரணம். காய்ச்சலை மறந்துவிட்ட நோயாளி அன்றைய சவர்க்காரத்தைக் குறைகூறுவார். இது பெரும்பாலும் ஆறு மாதமளவில் தானே நிற்கும், மயிரும் திரும்பும். இடையிலே யாதாயினும் ஓர் எண்ணெயைப் பூசியவர் அவ்வெண்ணெயின் புகழை ஊரெங்கும் பரப்புவார். பல மருந்துகளின் கீர்த்தி இவ்வாறு எழுந்ததே.

காசளவு வட்டமாக, மினுமினுப்பாக மயிர் உதிர்ந்தால் அது புழுவெட்டு. பெயரிற் புழு இருப்பினும் நோயிற் புழு இல்லை. உடலின் நிர்ப்பீடனக் காவலே தன் மயிர்ப்புடைப்பைப் பகையென்று எண்ணித் தாக்குவதால் வருவது அது. சிறுவட்டமாயின் தானே முளைப்பது பெரும்பான்மை. கடுமையாக விரியும் புழுவெட்டுக்கு 2022 முதல் ஐக்கிய அமெரிக்காவில் உட்கொள்ளும் மருந்தும் அனுமதிக்கப்பட்டுள்ளது. பள்ளிச் சிறுவர் தலையிற் செதிளோடும் அரிப்போடும் மயிர் ஒடியுமாயின் அது பூஞ்சண நோய்; மற்றையோர்க்கும் தொற்றும்; அதற்கு மேற்பூச்சுப் போதாது, உள்மருந்து வேண்டும். தைரொயிட் சுரப்பியின் கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, வேறு நோய்க்கு உண்ணும் சில மருந்து ஆகியனவும் உதிர்வை விளைக்கும். திடீரென உதிர்தல், வட்டமாக உதிர்தல், செம்மை, நோவு, புண், தழும்பு என்பவற்றுள் ஒன்று காணின், அரசாங்க வைத்தியசாலையின் தோல்நோய் வைத்தியரை உடனே காணுதல் வேண்டும். தழும்போடு அழிந்த புடைப்பு மீளாது. அங்கே ஒவ்வொரு மாதமும் பெறுமதியுடையது.

இனி, வழுக்கை இதுவே என்று துணிந்தவர்க்கு உள்ள வழிகளைக் கூறுவோம். மினொக்சிடில் என்பது குருதி அமுக்கத்தைக் குறைக்க ஆக்கப்பட்ட மருந்து. அதை உண்டோர் மேனியெல்லாம் மயிர் வளரக் கண்டு, தலையிற் பூசும் நீராக மாற்றினர். 1988 இல் ஐக்கிய அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கியது. நாடோறும் தவறாது பூசுதல் வேண்டும். முதற்சில கிழமைகளில் உதிர்வு மிகுதல் கூடும். ஓய்விலிருந்த மயிரைப் புதுமயிர் தள்ளுவதே அதன் காரணம். பலர் அஞ்சி அவ்வேளையிலேயே கைவிடுகின்றனர். நான்கு முதல் ஆறு மாதமாயினும் பாராது பயனைத் துணிதல் இயலாது. நிறுத்தினால் பெற்றதும் சில மாதத்திற் போய்விடும். வீட்டிற் பூனை வளர்ப்போர் அது தலையணையையும் கையையும் நக்காதபடி காத்தல் வேண்டும். பூனைக்கு இம்மருந்து கொடிய நஞ்சு.

டொமினிக்கன் கிராமத்திலிருந்து பிறந்ததாக மேலே கூறிய மருந்து பினாஸ்டரைட். புரோஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்காக 1992 இலும், சிற்றளவாக ஒரு மில்லிகிராமில் வழுக்கைக்காக 1997 இலும் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாற்றோமோனைக் குருதியில் ஏறத்தாழ 70 வீதம் குறைக்கும். உள்ள மயிரைக் காப்பதில் இது சிறந்தது. முற்றாக வெளித்த இடத்தில் அதிகம் செய்யாது. சிலர்க்கு இச்சைக் குறைவும் ஆண்மைத் தளர்ச்சியும் உண்டாகும், மனச்சோர்வும் கூறப்பட்டுள்ளது, மருந்தை நிறுத்திய பின்னும் அவை நீடித்தனவென்று முறையிட்டோரும் உளர். ஆதலின் இதனை வைத்தியர் ஆலோசனையின்றிக் கடையில் வாங்கி விழுங்குதல் தகாது. கருவுற்ற பெண்கள் இதன் உடைந்த குளிகையைத் தொடலாகாது. ஆண்குழவியின் உறுப்பமைப்பைக் கெடுக்கும். நடுவயது கடந்தவர் புரோஸ்டேட் புற்றுநோய்க்காகக் குருதி சோதிக்கும்போது, இம்மருந்து உண்பதை வைத்தியருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அச்சோதனையின் அளவை இது பாதியளவாகக் குறைத்துக் காட்டும். நாணத்தால் இதனை மறைப்பவர் உயிரைப் பணயம் வைக்கின்றார்.

மூன்றாவது மயிர் நடுதல். நியூயோர்க்கு வைத்தியர் நோர்மன் ஒறென்றைச் 1950களில் பிடரித்தோலின் சிறுதுண்டுகளை வழுக்கையில் நட்டுப் பார்த்தார். இடம் மாறிய மயிர், தான் பிறந்த இடத்தின் இயல்பையே கொண்டு உதிராது நின்றது. நீரும் வெயிலும் காரணமல்ல, புடைப்பின் இயல்பே காரணம் என்று முன்னர்க் கூறியதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? இன்று ஒவ்வொரு புடைப்பாக எடுத்து நடுகின்றனர். ஆயின் பிடரியிலுள்ள கையிருப்பு அளவானது. இருபது வயதில் நெற்றியைத் தாழ்த்தி நட்டவனுக்கு, நாற்பதில் அதன் பின்னுள்ள சொந்தமயிர் உதிர்ந்துபோக, நட்டது மட்டும் கடலிடைத் தீவுபோல் நிற்கும். நல்ல வைத்தியர் இளைஞரைச் சிலகாலம் பொறுக்கச் சொல்வார். உடனே நாள் குறிப்பவரிடம் எச்சரிக்கையாயிருத்தல் நன்று.

ஒன்றும் செய்யாதிருத்தலும் ஒரு வழியே. மயிரைக் குறுக வெட்டியோ முற்றாக மழித்தோ திரிவது, ஒரு பக்கத்து நீண்ட மயிரை மறுபக்கம் இழுத்து ஒட்டுவதினும் அழகு. வல்லை வெளிக் காற்றில் அவ்வொட்டு எத்தனை கணம் நிற்கும்? அவ்வாறு துணிந்தவர் ஒன்றை மட்டும் கவனித்தல் வேண்டும். மயிர் தலைக்கு நிழல். அது போனபின் நம்மூர் நண்பகல் வெயில் நேரே தோலிற் படும். தோட்டத்திலோ விளையாட்டுத் திடலிலோ நெடுநேரம் நிற்போர் தொப்பியோ குடையோ கொள்க. வெயில் பட்ட உச்சியில் ஒரு கிழமை இரு கிழமையில் ஆறாத புண்ணோ, நாளுக்குநாள் தடிக்கும் செதிளோ காணப்படின், எண்ணெய் பூசிப் பார்த்திராது வைத்தியருக்குக் காட்டுக.